கல்யாண ஸ்டுடியோவுக்கு ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி வாங்குவது எப்படி? கணக்குப் போடுவதிலிருந்து பராமரிப்பு வரை

கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கும் நண்பர்கள் பலருக்கு டிஸ்க் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், பொருத்தியும் கொடுத்திருக்கிறேன். தொலைந்த படங்களுக்காக அவர்கள் தவித்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லது?" என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றினால் பணம் வீணாகும். சில நேரம் ஒருவருடைய தாலி கட்டும் காட்சியே போய்விடும். அதை மறுபடி எடுக்க வழியில்லை.

1. கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலில் தாளில் எழுதுங்கள். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி) அளவில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். இரண்டு கேமரா, ஆளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 360 ஜிபி. அதோடு ரா படங்கள் 4,000, ஒன்று 30 எம்பி என்று வைத்தால் 120 ஜிபி. மொத்தம் 480 ஜிபி. வரவேற்பும் முகூர்த்தமும் சேர்ந்து ஏறக்குறைய அரை டிபி.

இது என் உதாரணம்தான். உங்கள் கேமராவின் அமைப்பு வேறாக இருக்கும். கடைசியாக முடித்த மூன்று கல்யாணங்களின் ஃபோல்டர் அளவைப் பார்த்து சராசரி எடுங்கள். அந்த ஒரு எண் இல்லாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் கைக்கு வரும்.

அடுத்து, ஆல்பம் கொடுத்த பிறகு மூலப் படங்களை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஆறு மாதமா, ஒரு வருடமா, எப்போதுமா? வருடத்துக்கு 60 கல்யாணம் எடுத்து எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் 28.8 டிபி சேரும். அதற்கு நகலும் வேண்டும். இந்த முடிவை வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது.

2. டிஸ்கை வேலைப்படி பிரியுங்கள்

ஒரே டிஸ்க் எல்லா வேலைக்கும் ஆகாது. எடிட் செய்யும் இடத்துக்கு வேகம் வேண்டும். முடிந்தவற்றைப் போட்டுவைக்கும் கிடங்குக்கு மலிவான இடம் வேண்டும். நகலுக்கோ, மற்ற இரண்டிலிருந்தும் தள்ளி இருப்பதுதான் முக்கியம்.

ஆகவே எடிட் வேலைக்கு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), கிடங்குக்கு ஹார்டு டிஸ்க், நகலுக்கு இன்னொரு ஹார்டு டிஸ்க். வேகமான பெரிய எஸ்எஸ்டி ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு, நகலுக்குப் பணம் இல்லை என்று நிற்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. பட்ஜெட் குறைவு என்றால் எஸ்எஸ்டியின் அளவைக் குறையுங்கள். நகலில் கை வைக்காதீர்கள்.

3. உங்கள் கம்ப்யூட்டரில் என்ன பொருந்தும்?

மதர்போர்டின் கையேட்டை எடுத்து எம்.2 ஸ்லாட் (குச்சி வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) எத்தனை, அவை வேகமான என்விஎம்இ வகையா, வேகம் குறைந்த பழைய சாட்டா வகையா என்று பாருங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் குச்சிதான். ஆனால் சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ வேலை செய்யாது. தங்க நிறப் பற்களின் நடுவே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா.

சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டதும் சாட்டா போர்ட் ஒன்று செத்துப்போகும். போர்டு அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கும், கையேட்டிலும் எழுதியிருக்கும். இது தெரியாமல் "பழைய டிஸ்க் திடீரென்று காணோம்" என்று பதறியவர்கள் உண்டு. எஸ்எஸ்டியைப் பிடித்து வைக்கும் சின்ன ஸ்க்ரூ இருக்கிறதா என்றும் பாருங்கள். போர்டோடு வந்த அந்த ஸ்க்ரூ பெரும்பாலான வீடுகளில் தொலைந்திருக்கும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் போர்ட்டும் கேபிளும்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். யூஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 40 எம்பி போவதே பெரிது. ஒரு டிபி நகல் எடுக்க ஏழு மணி நேரம் ஆகும். 5 ஜிகாபிட் போர்ட்டில் 400 எம்பிக்கு மேல் கிடைக்கும், 10 ஜிகாபிட் என்றால் 1,000 எம்பி அளவுக்குப் போகும். போனுக்குச் சார்ஜ் போட வந்த டைப்-சி கேபிள்களில் பல, உள்ளே யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டும் உள்ளவை. புது எஸ்எஸ்டி மெதுவாக இருக்கிறது என்றால் முதலில் டிஸ்கோடு வந்த கேபிளை மாட்டிப் பாருங்கள்.

4. வேலைக்கான எஸ்எஸ்டி

பெட்டியில் பெரிதாக அச்சடித்த வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை தரும். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ சுமார் 3,500, நான்காம் தலைமுறை சுமார் 7,000. ஆனால் நீங்கள் எடிட் செய்யும் 100 மெகாபிட் வீடியோவுக்கு ஒரு கேமராவுக்கு நொடிக்கு 12.5 எம்பி போதும். நான்கு கேமரா ஒன்றாக ஓடினாலும் 50 எம்பிதான். அதனால் மூன்றாம் தலைமுறைக்கும் நான்காம் தலைமுறைக்கும் உள்ள வித்தியாசம் டைம்லைனில் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

அப்படியானால் ஹார்டு டிஸ்கிலேயே எடிட் செய்யலாமே என்று கேட்பார்கள். நேராக ஒரு ஃபைலைப் படிப்பதில் ஹார்டு டிஸ்க் தடுமாறாது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன படங்களை அங்கங்கே தேடி எடுக்கச் சொன்னால்தான் திணறும். 7200 சுழற்சி டிஸ்க், தகவல் இருக்கும் இடம் சுழன்று, படிக்கும் முள்ளுக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 4 மில்லி நொடிக்கு மேல் காத்திருக்கிறது. முள் நகரும் நேரம் இன்னும் 8 அல்லது 9 மில்லி நொடி. எஸ்எஸ்டியில் இந்தக் காத்திருப்பே இல்லை. லைட்ரூமில் ஒவ்வொரு படமாக அம்புக்குறியைத் தட்டிப் போகும்போது கை உணர்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

பணத்தைப் போட வேண்டிய இடம் தொடர்ந்து எழுதும் திறன். ஒரு சம்பவம் சொல்கிறேன். வரவேற்பு முடிந்து இரவு இரண்டு மணி. நண்பர் ஒருவர் புது எஸ்எஸ்டியில் கார்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் வேகம் ஜோராக இருந்தது. நூறு ஜிபி தாண்டியதும் பச்சைக் கோடு சட்டென்று சரிந்தது. நொடிக்கு 80 எம்பி. மீதமுள்ள நேரம் 10 நிமிடம் என்று காட்டியது, ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று மாறியது. காலை ஐந்து மணிக்கு முகூர்த்தத்துக்கு அதே கார்டுகள் காலியாக வேண்டும். டிஸ்க் பழுதில்லை. அது கியூஎல்சி வகை.

காரணம் இதுதான். எஸ்எஸ்டி தன்னுள் கொஞ்ச இடத்தை வேகமான முறையில் எழுதி, பிறகு நிதானமாக அடுக்கிக்கொள்ளும். அந்த வேகமான இடம் நிரம்பிவிட்டால் உண்மையான வேகம் வெளியே வரும். ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் கியூஎல்சியில் அந்த உண்மையான வேகம் ஹார்டு டிஸ்கைவிடக் கீழே போவதுண்டு. மூன்று பிட் வைக்கும் டிஎல்சியில் இவ்வளவு மோசமாகச் சரியாது. ஆகவே டிஎல்சி என்று குறிப்பில் தெளிவாகப் போட்டிருக்கும் மாடலை எடுங்கள். எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொள்ளும் தனி டிராம் மெமரி உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. எந்த வகை என்றே கம்பெனி சொல்லவில்லையா? அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

எத்தனை டிபி எழுதும் வரை வாரண்டி என்பதையும் பாருங்கள். ஒரே கம்பெனியிலேயே வித்தியாசம் தெரியும். சாம்சங் 870 இவோ ஒரு டிபி மாடலுக்கு 600 டிபி, கியூஎல்சி வகையான 870 கியூவிஓ ஒரு டிபி மாடலுக்கு 360 டிபி. நம் கணக்கில் வருடத்துக்கு 28.8 டிபி இறக்குகிறோம், ரெண்டர் எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 58 டிபிக்குள். 600 டிபி பத்து வருடம் வரும். எழுதி எழுதியே எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயம் நம் தொழிலுக்குத் தேவையில்லை.

அளவு பற்றி ஒன்று. 1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும். கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024ஆல் எண்ணுகிறது. ஏமாற்று இல்லை. அதிலும் 15 முதல் 20 சதவீதம் காலியாக விட வேண்டும், இல்லையென்றால் அடுக்கிக்கொள்ள இடம் இல்லாமல் வேகம் குறையும். ஆக 1 டிபியில் ஒன்றரைக் கல்யாணம்தான் வேலை செய்ய முடியும். 2 டிபியில் மூன்று. முகூர்த்த மாதங்களில் மூன்று வேலை ஒரே நேரத்தில் கையில் இருப்பது சாதாரணம் என்பதால் 2 டிபியைச் சொல்வேன்.

5. கிடங்குக்கான ஹார்டு டிஸ்க்

3.5 அங்குல டிஸ்க் எடுங்கள். டிபி ஒன்றுக்கு விலை குறைவு, வேகமும் அதிகம். நொடிக்கு 150 முதல் 250 எம்பி வரை கிடைக்கும். தட்டின் உட்பக்கம் நிரம்ப நிரம்ப வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அது இயல்பு.

தடங்களைத் தனித்தனியாக எழுதும் சிஎம்ஆரா, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆரா என்று பார்ப்பதுதான் இங்கே முக்கியம். எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருப்பதுபோல எழுதப்பட்டிருக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருப்பவற்றையும் எடுத்து வைக்க வேண்டும் அல்லவா? இதுவும் அப்படித்தான். ஒரு முறை எழுதி அப்படியே வைப்பதற்குப் பரவாயில்லை. அழித்து அழித்து எழுதினால் ஊர்ந்து போகும். ரெய்டில் (பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்து ஓட்டும் அமைப்பு) போட்டால் பழுதான டிஸ்கை மாற்றும்போது திணறும். நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்கென்றே விற்ற ரெட் வரிசை டிஸ்குகளில் சில எஸ்எம்ஆர்தான் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020இல் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு எந்த மாடல் எது என்று கம்பெனிகள் தங்கள் தளத்தில் பட்டியல் போடுகின்றன. மாடல் எண்ணை எழுத்து பிசகாமல் அங்கே சரிபாருங்கள்.

பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் 2.5 அங்குல எக்ஸ்டர்னல்களில் பெரிய அளவுகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர்தான். இன்னொரு சிக்கல், அவற்றில் பலவற்றுக்கு யூஎஸ்பி துவாரம் டிஸ்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். துவாரம் ஆடிப்போனால் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்ட முடியாது. ஆல்பத்தை வாடிக்கையாளருக்குக் கொடுத்தனுப்ப அவை போதும், கிடங்குக்கு வேண்டாம்.

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். எந்தக் கம்பெனி? பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்குகளில் எந்த மாடல் எத்தனை பழுதானது என்று காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. 2023இல் ஆண்டுப் பழுது விகிதம் 1.40 சதவீதம், 2024இல் 1.57. அதைப் படித்தால் ஒன்று புரியும். ஒரே கம்பெனியிலேயே அருமையான மாடலும் இருக்கிறது, சுமாரான மாடலும் இருக்கிறது. ஆகவே மாடலைப் பாருங்கள். அவர்கள் டிஸ்குகள் குளிர்ந்த அறையில் நிற்காமல் ஓடுபவை, நம்முடையவை பையில் அலைபவை என்பதையும் மனதில் வையுங்கள்.

பெட்டியில் "பத்து லட்சம் மணி நேரம்" என்று போட்டிருந்தால் டிஸ்க் 114 வருடம் ஓடும் என்று அர்த்தம் இல்லை. ஆயிரக்கணக்கான டிஸ்குகள் ஒன்றாக ஓடும்போது வருடத்துக்கு நூற்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாகப் பழுதாகலாம் என்ற மதிப்பீடுதான் அது. அந்த ஒன்று உங்களுடையதாக இருக்கலாம்.

6. விலையை ஒப்பிடும் முறை

விலையை டிபியால் வகுங்கள். வந்ததை வாரண்டி வருடத்தால் வகுங்கள். இரண்டு வருட வாரண்டி உள்ள மலிவு டிஸ்கும் ஐந்து வருட வாரண்டி உள்ள விலை கூடிய டிஸ்கும் அப்போதுதான் நேருக்கு நேர் நிற்கும். பல முறை விலை கூடியதுதான் ஜெயிக்கும். டிபி ஒன்றுக்கான விலை சின்ன டிஸ்குகளில் அதிகம், மிகப் பெரியவற்றிலும் அதிகம், நடுவில் எங்கோ குறைவு. அந்த நடு அளவைக் கண்டுபிடித்து வாங்குங்கள்.

வாரண்டி டிஸ்கை மாற்றித் தரும், படங்களைத் தராது. வாரண்டி நீளமாக இருப்பதால் நகல் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

7. வாங்கும் இடத்தில்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். கடையில் நிற்கும்போதே போனில் கம்பெனி தளத்தைத் திறந்து அந்த நம்பரைப் போட்டு, இந்தியாவில் வாரண்டி உண்டா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். வேறு நாட்டுக்கு என்று வந்த சரக்காக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பணம் கொடுத்த பிறகு தெரிந்து பயனில்லை.

ஓடிய டிஸ்கைப் புதிது என்று விற்பதும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் சீகேட் எக்சாஸ் டிஸ்குகள் அப்படி விற்கப்பட்டது தெரியவந்தது. வழக்கமான ஓடிய நேரக் கணக்கைப் பூஜ்யமாக்கியிருந்தார்கள். ஃபார்ம் என்ற உள் பதிவேட்டில் மட்டும் ஆயிரக்கணக்கான மணி நேரம் அப்படியே இருந்தது. சீகேட் வாங்குபவர்கள் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற டிஸ்க் சோதனை மென்பொருளின் புதிய பதிப்பில் இந்தப் பதிவேட்டையும் பார்க்கலாம்.

16 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி சில ஆயிரம் ரூபாய்க்கு என்று வரும் விளம்பரம் எதையும் தொடாதீர்கள். ஒருவர் என்னிடம் கொண்டுவந்ததைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன போர்டும் மெமரி கார்டும் பசையில் ஒட்டிக்கிடந்தன. 16 டிபி என்று பொய் சொல்லும்படி அமைத்திருந்தார்கள். நிச்சயதார்த்த ஃபோல்டர் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன, ஆனால் உள்ளே ஒரு படமும் திறக்கவில்லை.

கிடங்குக்கும் நகலுக்கும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு டிஸ்க் எடுக்காதீர்கள். ஒரே தயாரிப்பு வரிசையில் குறை இருந்தால் இரண்டும் அடுத்தடுத்து விழும்.

8. ஒரு படம்கூட ஏற்றும் முன் சோதனை

இதைத் தாண்டிப் போகாதவர்கள் மிகக் குறைவு. புது டிஸ்கில் குறை இருந்தால் பெரும்பாலும் ஆரம்ப நாட்களிலேயே தலைகாட்டும். கடை மாற்றிக் கொடுக்கும் காலத்துக்குள் அதை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும்.

முதலில் டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்து ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். புதிது என்றால் ஒற்றை இலக்கம்தான் இருக்க வேண்டும். ஹார்டு டிஸ்காக இருந்தால் 05, சி5, சி6 என்ற மூன்று வரிசைகளில் Raw Values என்ற கட்டத்தில் உள்ள எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். மாற்றி வைத்த செக்டார்கள் (டிஸ்கின் சின்னச் சின்ன பகுதிகள்), சந்தேகத்தில் நிற்கும் செக்டார்கள், படிக்கவே முடியாத செக்டார்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை அவை. புது டிஸ்கில் இவற்றில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். சி7 ஏறினால் டிஸ்கைக் குற்றம் சொல்லாதீர்கள், கேபிளை மாற்றுங்கள். சீகேட் டிஸ்கில் 01, 07 வரிசைகளில் பெரிய எண் தெரியும். அது பழுது இல்லை, அவர்கள் கணக்கு எழுதும் முறை அப்படி. இதைப் பார்த்து நல்ல டிஸ்கைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

அடுத்து ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளைக் கொண்டு முழு டிஸ்கையும் எழுதி, திரும்பப் படிக்க வையுங்கள். மேக்கிலும் லினக்ஸிலும் அதற்கு எஃப்3 இருக்கிறது. போலி அளவு இருந்தால் இங்கே தப்பாது. 8 டிபி டிஸ்குக்கு எழுதவே 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும், படிக்கவும் அவ்வளவே. ஒரு நாள் முழுக்க ஓடட்டும். முடிந்ததும் அந்த மூன்று வரிசைகளை மறுபடி பாருங்கள். முதல் நாள் பூஜ்யமாக இருந்து இப்போது எண் வந்திருந்தால் அந்த டிஸ்க் வேண்டாம்.

எஸ்எஸ்டிக்கு ஒரு தடவை நிரப்பிப் பார்த்தால் போதும். நிரம்பும்போது வேகம் எங்கே விழுகிறது என்றும் தெரிந்துவிடும்.

9. நகல் எடுக்கும் ஒழுங்கு

கார்டிலிருந்து வேலை எஸ்எஸ்டிக்கும் நகல் டிஸ்குக்கும் தனித்தனியாக காப்பி செய்யுங்கள். எஸ்எஸ்டியிலிருந்து டிஸ்குக்கு எடுத்தால் முதல் காப்பியில் வந்த பிழையும் சேர்ந்தே போகும். கட் வேண்டாம், எப்போதும் காப்பிதான். டெராகாப்பி போன்ற மென்பொருளில் சரிபார்ப்பை ஆன் செய்து வையுங்கள். இரண்டு இடத்திலும் சரிபார்த்து முடியும் வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். இதற்காகவே இன்னொரு செட் கார்டு வாங்கலாம்.

நகல் டிஸ்க் ஸ்டுடியோவில் இருக்கக் கூடாது, வீட்டுக்குப் போக வேண்டும். மழை நீரோ திருட்டோ வந்தால் ஒரே அறையில் உள்ள இரண்டும் சேர்ந்து போகும்.

ரெய்டு போட்டிருக்கிறேன், நகல் எதற்கு என்பார்கள். ஒரு ஸ்டுடியோவில் உதவியாளர் தவறான ஃபோல்டரை அழித்தார். இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழிந்தது, ஏனென்றால் இரண்டு டிஸ்கை ஜோடியாக ஓட்டும் அந்த வகை ரெய்டின் வேலையே இரண்டையும் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான். டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காமல் ஓட அது உதவும். கை தவறுக்கும் வைரஸுக்கும் உதவாது.

யூபிஎஸ் இல்லாமல் நகல் எடுக்காதீர்கள். ஓடும் ஹார்டு டிஸ்கை மேசை ஓரத்தில் நிமிர்த்தி வைக்காதீர்கள், கேபிளில் கை பட்டால் சாய்ந்துவிடும்.

10. ஆடி மாதத்து வேலை

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அதுதான் டிஸ்குகளை எடுத்துப் பார்க்க நேரம். அலமாரியில் உள்ள ஒவ்வொன்றையும் மாட்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும் ஸ்மார்ட் எண்களை (05, சி5, சி6 போன்றவை) பார்த்து, சில ஃபோல்டர்களைத் திறந்து, தேதியோடு டிஸ்கின் மேல் ஒட்டி எழுதுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் மாற்றிவிடுங்கள்.

எஸ்எஸ்டியை வருடக்கணக்கில் அலமாரியில் போடாதீர்கள். அதன் தகவல் மின்னூட்டமாக இருப்பதால், மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். அலமாரிக்கு ஹார்டு டிஸ்க்தான்.

ஐந்து வருடம் ஓடிய டிஸ்கை, எண்கள் நன்றாக இருந்தாலும், மூன்றாவது நகலாக இறக்கிவிட்டுப் புதிதைக் கிடங்குக்கு ஏற்றுங்கள். சி5இல் எண் தெரிந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

ஒரு நாள் டிஸ்கிலிருந்து டிக், டிக் என்று சீரான சத்தம் வரலாம். உடனே மின்சாரத்தை எடுங்கள். மறுபடி மறுபடி மாட்டிப் பார்ப்பது, விண்டோஸின் செக்டிஸ்க் சோதனையை ஓட்டுவது, ஃப்ரிட்ஜில் வைப்பது எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை சுழலும்போதும் முள் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். அதை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் நகலை எடுத்து வந்து முதலில் இன்னொரு டிஸ்குக்கு காப்பி போடுங்கள். இந்த நேரத்தில் உலகத்திலேயே அந்தப் படங்கள் இருப்பது அந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான். பழுதானதைப் பற்றிய யோசனை அதற்கு அப்புறம்.